காய்ந்தும் சாகாத செடிகள்

மாணவர்களே, இந்த வாரப் பாடத்தைத் தொடங்கும் முன் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போங்கள். ஜெலாப்பாங்கில் பழைய வீடாக இருந்தால் அதிகம் தேட வேண்டியிருக்காது. வேலிச் சுவரின் நிழல் பக்கத்திலோ, சாக்கடைச் சிமெண்டின் ஓரத்திலோ, பூச்சட்டியின் வெளிப்புறத்திலோ சின்னச் சின்ன மெத்தைபோல ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். நான்கைந்து நாள் மழை இல்லாமல் இருந்தால் அது கறுத்து, முறுகி, விரல் பட்டாலே பொடியாகும் நிலையில் இருக்கும். அம்மா பார்த்தால் தேய்த்துக் கழுவச் சொல்வார். இன்றைக்கு மட்டும் கழுவாதீர்கள். அதன்மேல் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டுக் குனிந்து பாருங்கள்.

சுருண்டு கிடந்த இலைகள் பிரியத் தொடங்கும். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தால் கறுப்பு மங்கிப் பச்சை தெரியும். உருப்பெருக்குக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வோர் இலையும் நிமிர்வதைப் பார்க்கலாம்.

இதன் பெயர் மோஸ். தமிழில் இதையும் பாசி என்றுதான் சொல்கிறோம். ஆனால் குளத்தில் மிதக்கும் பாசி வேறு, இந்தச் சுவர்ப்பாசி வேறு. இது நிலத்தில் வாழும் செடி. உண்மையான வேர் கிடையாது. பூவும் விதையும் கிடையாது. மழை பெய்தால் உடம்பு முழுவதாலும் குடிக்கும். வெயில் அடித்தால் உடம்பு முழுவதாலும் இழக்கும். தண்ணீரைச் சேமித்து வைக்க அதற்கு வழியே இல்லை.

இப்போது ஒரு கேள்வி. நீங்கள் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் அது உயிரோடு இருந்ததா? சுவாசம் ஏறக்குறைய நின்றிருந்தது. ஒளிச்சேர்க்கை இல்லை. வளர்ச்சி இல்லை. உயிருள்ளவற்றின் தன்மைகள் என்று ஆரம்பப் பள்ளியில் மனப்பாடம் செய்த பட்டியலை எடுத்துவைத்துச் சரிபார்த்தால் அது தேர்வில் தோற்றுவிடும். ஆனாலும் அது சாகவில்லை. நின்றிருந்தது, அவ்வளவுதான்.

விண்வெளியின் கடுமையைத் தாங்கும் செடிகள் என்று செய்திகளில் வருகிறதே, அதன் அடிப்படை இதுதான். அந்தச் செடிகள் விண்வெளியோடு மல்லுக்கட்டுவதில்லை. நிற்கத் தெரிந்தவை அவை.

மேற்கே காடு, கிழக்கே பாறை

ஜெலாப்பாங்கில் நின்று மேற்கே பார்த்தால் கிளேடாங் மலை. அது கருங்கல் மலை. மேலே மண் உண்டு, காடு உண்டு. கிழக்கே ஈப்போ பக்கம் திரும்பினால் குனோங் லாங் போன்ற சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக நிற்கின்றன. இரண்டுக்கும் ஒரே மழை, ஒரே வெயில். ஆனால் சுண்ணாம்புப் பாறையின் முகத்தில் மண் என்று சொல்ல எதுவுமில்லை. பெய்த மழை விரிசல்களில் இறங்கிக் குகைகளுக்குள் ஓடிவிடும். காலையில் பெருமழை கொட்டிய அதே பாறை, மதியம் வெயிலில் சட்டிபோல் சுடும். மழைக்காட்டு நாட்டுக்குள் ஒரு சிறு பாலைவனம் செங்குத்தாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாறையிலும் செடிகள் இருக்கின்றன. தைப்பூசத்துக்குக் குனோங் சீரோ கல்லுமலைக் கோவிலுக்குப் போகும்போது அண்ணாந்து பாருங்கள். பாறை இடுக்குகளில் ரோஜா இதழ் அடுக்கியதுபோல் வட்டமாக இலைகள் விரிந்த சிறு செடிகளைச் சுண்ணாம்புக் குன்றுகளில் காணலாம். அவற்றில் பல பாராபோயா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. பூந்தொட்டிகளில் வளர்க்கும் ஆப்பிரிக்க வயலட் பூச்செடிக்கு உறவு. இலையின் அடிப்பக்கத்தில் சிலந்தி வலைபோல மயிர்கள் பின்னிக் கிடக்கும். மழை இல்லாத நாட்களில் இலை வாடிச் சுருங்கி, செடி செத்ததுபோலத் தெரியும். மழை வந்தால் மறுபடி விரியும். இதற்கு நெருங்கிய சொந்தமான போயா என்ற சீனத்துச் செடி முற்றிலும் காய்ந்தும் மீள்வதால், அதன் முழு மரபணுத் தொகுதியையும் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள்.

பூக்கும் செடிகளில் இப்படிப்பட்டவை மிகக் குறைவு. பூக்கும் தாவரங்கள் மூன்று லட்சத்துக்கும் அதிகம். அவற்றில் உடம்பு முழுக்கக் காய்ந்தும் மீளும் இனங்கள் சில நூறு மட்டுமே. மோஸ்களிடையே இது அவ்வளவு அரிதல்ல.

காயும்போது உள்ளே என்ன நடக்கிறது?

சாதாரணச் செடி ஒன்றில் தண்ணீர் குறையும்போது முதலில் உயிரணு சுருங்குகிறது. அதன் மெல்லிய சவ்வு மடங்கி, பக்கத்துச் சவ்வோடு ஒட்டிக் கிழிகிறது. தண்ணீரில் தனித்தனியாக மிதந்துகொண்டிருந்த புரதங்கள் ஒன்றோடொன்று மோதிக் கட்டி தட்டிப்போகின்றன. வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு மறுபடி நீர்மமாகாது அல்லவா, அதுபோல இந்தக் கட்டிகளும் திரும்பக் கரையா. அதன்பின் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பயனில்லை. அம்மா வாங்கிவந்து மறந்துபோன கீரைக்கட்டு ஊறவைத்தால் எழுந்துவிடுமா?

நிற்கத் தெரிந்த செடிகள் முன்கூட்டியே தயாராகின்றன. தண்ணீர் குறையத் தொடங்கியதும் உயிரணுக்குள் சர்க்கரை சேர்கிறது. இந்தச் சர்க்கரை என்ன செய்கிறது என்பதை அடுப்படியில் புரிந்துகொள்ளலாம். சீனிப்பாகை மெதுவாக ஆறவிட்டால் கற்கண்டு கிடைக்கும். அதில் மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும், அது படிகம். அதே பாகை நன்றாக வற்றவிட்டுத் தட்டில் கொட்டினால் கண்ணாடிபோன்ற மிட்டாய் கிடைக்கும். அதில் வரிசை எதுவும் இல்லை. நீர்மம் இருந்த இடத்திலேயே உறைந்ததுபோல. காயும் உயிரணுக்குள் நடப்பது இரண்டாவது. சவ்வும் புரதமும் டி.என்.ஏ.வும் அந்தச் சர்க்கரைக் கண்ணாடிக்குள் அப்படியே பதிந்துவிடுகின்றன. எதுவும் நகராது. நகராததால் எதுவும் மோதாது, கெடாது.

கூடவே எல்.இ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு வகைப் புரதங்களும் உண்டாகின்றன. முதலில் இவை பருத்தி விதையில் கண்டுபிடிக்கப்பட்டன. மற்றப் புரதங்களுக்கு இடையில் புகுந்துகொண்டு கட்டி தட்டாமல் பார்த்துக்கொள்வது இவற்றின் வேலைகளில் ஒன்று.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. பச்சையத்துக்கு நிறுத்தத் தெரியாது. செடி காய்ந்து கிடந்தாலும் வெயில் பட்டால் அது ஒளியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பிடித்த ஆற்றலை உணவு தயாரிக்கச் செலவிட முடியாதபோது அது உயிர்வளியைத் தாக்கி, கண்டதையெல்லாம் அரிக்கும் நச்சு மூலக்கூறுகளாக மாற்றுகிறது. இதற்குச் சில செடிகள் இலையைச் சுருட்டி நிழல் செய்துகொள்கின்றன. உங்கள் சுவர்ப்பாசி சுருண்டு கறுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். தென்னாப்பிரிக்காவின் செரோஃபைட்டா என்ற செடியோ இன்னும் ஒரு படி மேலே போய், காயும்போது தன் பச்சையத்தையே கழற்றிவிடுகிறது. மழை வந்ததும் புதிதாகச் செய்துகொள்கிறது. கடை மூடும்போது விளக்கை அணைப்பது ஒரு வகை; விளக்கையே கழற்றி எடுத்துப்போவது இன்னொரு வகை.

ரப்பர் விதையின் கதை

உங்கள் தாத்தா பாட்டி தோட்டத்தில் வளர்ந்தவர்கள் என்றால் ரப்பர் கொட்டையைப் பற்றிக் கேளுங்கள். வெயில் காலத்தில் காய் பட்டென்று வெடித்து விதைகள் தெறிக்கும் சத்தம், அந்த விதையைச் சிமெண்டில் தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் கையில் சூடு வைக்கும் விளையாட்டு, எல்லாம் சொல்வார்கள். ஆனால் அந்த விதைக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. அதைக் காயவைத்தால் செத்துவிடும்.

பயறு, நெல், மிளகாய், கத்திரி விதைகளெல்லாம் முற்றும்போதே தாமாகக் காய்ந்து, மேலே சொன்ன சர்க்கரைக் கண்ணாடி நிலைக்குப் போய்விடுகின்றன. அதனால்தான் கடையில் பொட்டலமாக வாங்கி வருடம் கழித்தும் விதைக்க முடிகிறது. இஸ்ரேலில் மசாடா கோட்டையின் இடிபாடுகளில் கிடைத்த ஏறக்குறைய 2000 ஆண்டு பழைய பேரீச்சை விதை ஒன்று 2005இல் முளைத்தது. (புந்தோங் கச்சாங் பூத்தேயை வாங்கி விதைத்துப் பார்க்க வேண்டாம். அது வறுத்தது. காய்ச்சல் வேறு, வறுவல் வேறு.)

ரப்பர், டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன், கொக்கோ, நம் காட்டு மரங்களான மெராந்தி போன்றவற்றின் விதைகள் அப்படியல்ல. ஈரத்தோடு விழுந்து, ஈரத்தோடு முளைக்க வேண்டியவை. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் காட்டில் விழும் விதைக்குக் காத்திருக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய தேவை இருக்கவில்லை. சாதாரணமாக வைத்தால் ரப்பர் விதை சில வாரங்களில் உயிரிழந்துவிடும்.

1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலில் இருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலில் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சுமார் 2,700. அதாவது நூற்றுக்கு நான்குகூட இல்லை. பயறு விதையாக இருந்திருந்தால் பெரும்பாலானவை பிழைத்திருக்கும். கியூவில் இருந்து ஆசியாவுக்கு அனுப்பும்போது விதையாக அனுப்பவில்லை. கண்ணாடி போட்ட மூடிய பெட்டிகளில், தம் ஈரத்தைத் தாமே சுழற்றிக்கொள்ளும்படி, நாற்றுகளாக அனுப்பினார்கள். 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 நாற்றுகளில் ஒன்பதை ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அவை பிழைத்ததன் தொடர்ச்சியாக வந்தவைதாம் பேராக்கின் ரப்பர் தோட்டங்கள். நம் முன்னோர் கப்பலேறி வந்த கதையும் அதனோடு பின்னியது.

இந்தப் பலவீனம் இன்றும் தொல்லைதான். நெல் இரகங்களை உலர்த்தி மைனஸ் 18 பாகை செல்சியஸில் விதை வங்கியில் பல்லாண்டு வைக்கலாம். ரப்பரையும் டுரியானையும் அப்படி வைக்க முடியாது. மரமாகவே நட்டுக் காக்க வேண்டும். நோய் வந்தாலோ நிலம் விற்கப்பட்டாலோ சேகரிப்பே போய்விடும். செர்டாங்கில், அன்று பெர்த்தானியான் பல்கலைக்கழகம் என்ற பெயரில் இருந்த இடத்தில், பேராசிரியர் சின் ஹூங் ஃபோங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்த வகை விதைகளைப் பற்றி உலகமே கவனித்த ஆய்வுகளைச் செய்தார்கள். முழு விதையையும் காயவைக்க முடியாது என்பதால், ரப்பர் விதைக்குள் இருக்கும் சிறு முளைக்கருவை மட்டும் பிரித்தெடுத்து, அளவாக உலர்த்தி, நீர்ம நைட்ரஜனில் மைனஸ் 196 பாகையில் உறையவைத்து, மீண்டும் வளரச்செய்ய முடியும் என்று 1986இல் காட்டினார்கள். நம் நாட்டில் செய்யப்பட்ட நல்ல ஆய்வு அது.

ஆக, முப்பது மீட்டர் உயரம் வளரக்கூடிய மரத்தின் விதைக்கு இல்லாத திறமை, சுவரில் ஒட்டிய அரை அங்குலப் பாசிக்கு இருக்கிறது.

வெற்றிடம் என்னும் உலர்த்தி

இனி விண்வெளிக்குப் போவோம். அங்கே ஒரு செடியைக் கொல்லக் காத்திருப்பவை என்ன? காற்றில்லாத வெற்றிடம் முதலாவது. அடுத்தது கடுங்குளிரும் கடுஞ்சூடும். அனைத்துலக விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் வெயில் படும் பக்கம் 120 பாகைவரை ஏறும், நிழல் பக்கம் மைனஸ் 150 பாகைக்கும் கீழே இறங்கும். பிறகு ஓசோன் படலம் இல்லாததால் வடிகட்டப்படாமல் வரும் புறஊதாக் கதிர். கடைசியாக, எதையும் துளைத்துச் செல்லும் விண்வெளிக் கதிர்வீச்சு.

நான்கு தனித்தனி ஆபத்துகள்போலத் தெரிகிறது. ஆனால் ஒவ்வொன்றையும் தண்ணீரோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

வெற்றிடத்தில் என்ன நடக்கும்? அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும் என்று படித்திருக்கிறீர்கள். அழுத்தமே இல்லாவிட்டால் சாதாரண வெப்பநிலையிலேயே தண்ணீர் ஆவியாகிப் பறந்துவிடும். அப்படியானால் வெற்றிடம் என்பது உலகிலேயே வலிமையான உலர்த்தி, வேறொன்றுமில்லை. ஏற்கெனவே காய்ந்து, காய்ந்ததைத் தாங்கவும் தெரிந்த செடியிடம் இனி எடுக்க என்ன இருக்கிறது?

குளிர் எப்படிக் கொல்கிறது? உயிரணுவில் உள்ள தண்ணீர் பனிக்கட்டியாகி, அதன் கூரிய படிகங்கள் சவ்வைக் குத்திக் கிழிக்கின்றன. தண்ணீரே இல்லையென்றால் பனிக்கட்டி எங்கிருந்து வரும்?

கதிர்வீச்சு டி.என்.ஏ.வை நேரடியாகவும் வெட்டும். ஆனால் ஈரமான உயிரணுவில் பெரும்பகுதிச் சேதம் மறைமுகமாக நடக்கிறது: கதிர் தண்ணீர் மூலக்கூறை உடைக்கிறது, உடைந்த துண்டுகள் டி.என்.ஏ.வைத் தாக்குகின்றன. தண்ணீர் குறைந்தால் அந்தச் சேதமும் குறைகிறது. டெய்னோகாக்கஸ் என்ற பாக்டீரியா கதிர்வீச்சைத் தாங்குவதில் பேர்பெற்றது. பூமியில் எங்கும் இல்லாத அளவு கதிர்வீச்சைத் தாங்கும் திறமை அதற்கு ஏன் வந்தது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. காய்ந்து மீளும் பழக்கத்தின் உடன்விளைவாகவே அது வந்திருக்க வேண்டும் என்று 1996இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. காய்ந்தாலும் டி.என்.ஏ. உடையும், கதிர் பட்டாலும் உடையும். ஒன்றைச் சரிசெய்யத் தெரிந்தால் மற்றதையும் சரிசெய்யலாம்.

மிஞ்சுவது புறஊதாக் கதிர் மட்டுமே. அதற்குக் கூரை வேண்டும்: தடித்த உறையோ, நிறமியோ, மேலே ஓர் அடுக்கு மண்ணோ.

எந்தச் செடியும் விண்வெளிக்காகப் பயிற்சி பெறவில்லை. பாறையிலும் பாலைவனத்திலும் காயக் கற்றுக்கொண்டது. அந்த ஒரு பாடம் மூன்று தேர்வுகளில் தேற வைக்கிறது.

வெளியே வைத்துப் பார்த்தார்கள்

2008இல் ஐரோப்பியர்கள் விண்வெளி நிலையத்தின் வெளிச்சுவரில் ஒரு தட்டைப் பொருத்தி, அதில் விதைகளையும் லைக்கன்களையும் ஒன்றரை ஆண்டு வைத்தார்கள். லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடும்பம். சரியாகச் சொன்னால் செடி அல்ல. செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசி அந்த வகைதான். விண்வெளிக்குப் போனது பாறைகளில் ஆரஞ்சு நிறத்தில் படரும் சாந்தோரியா என்ற லைக்கன். திரும்பி வந்ததும் நனைத்தபோது அதன் ஒரு பகுதி மறுபடி ஒளிச்சேர்க்கை செய்தது. கூடவே போன அராபிடோப்சிஸ், புகையிலை விதைகளில் நூற்றுக்கு 23 முளைத்துச் செடியாயின. விக்கம் கொண்டுபோன ரப்பர் விதைகளோடு இந்த எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். 558 நாள் விண்வெளியில் கிடந்த விதை, கப்பலில் போன ரப்பர் விதையைவிட நன்றாக முளைத்திருக்கிறது!

மோஸின் முறை 2022இல் வந்தது. ஜப்பானின் ஹொக்காய்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொமோமிச்சி புஜித்தா குழுவினர் முதலில் ஆய்வுக்கூடத்திலேயே ஒரு மோஸின் வெவ்வேறு பருவங்களைச் சோதித்தார்கள். இளம் இழைகள் தாங்கவில்லை. நுண்வித்துகளைத் தாங்கிய சிறு பைகள்தாம் எல்லாவற்றிலும் உறுதியாக நின்றன. அந்தப் பைகளை விண்வெளி நிலையத்தின் வெளியே 283 நாள் வைத்து, 2023 ஜனவரியில் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். நுண்வித்துகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் உயிரோடு இருந்தன. முடிவு 2025 நவம்பரில் வெளியானது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2024இல், சீன ஆய்வாளர்கள் இன்னொரு மோஸைப் பற்றி எழுதினார்கள். சிஞ்சியாங் பாலைவனத்தில் வளரும் சின்டிரிக்கியா என்ற மோஸ் அது. நுண்வித்தாக இல்லாமல் முழுச் செடியாகவே தன் நீரில் 98 விழுக்காட்டுக்கு மேல் இழந்து, நனைத்த சில விநாடிகளில் பச்சையாகிறது. மைனஸ் 80 பாகையில் ஐந்து ஆண்டு வைத்த பிறகும் வளர்ந்தது. கதிர்வீச்சை கிரே என்ற அலகால் அளப்பார்கள்; உடல் முழுவதும் ஐந்து கிரே பட்டாலே மருத்துவம் இல்லாவிட்டால் மனிதர் பிழைப்பது அரிது. இந்த மோஸில் பாதி சாக 5,000 கிரே தேவைப்பட்டது. செவ்வாய்க் கோளின் காற்று, அழுத்தம், குளிர், புறஊதாக் கதிர் எல்லாம் செயற்கையாக அமைத்த அறையில் ஏழு நாள் இருந்துவிட்டு வந்தும் காய்ந்த செடிகள் மீண்டன.

இதை வைத்து "செவ்வாயில் பாசி வளரும்" என்று தலைப்புகள் வந்தன. எனக்கு அந்தத் தலைப்புகள்மேல் வருத்தம் உண்டு. ஆய்வுக் கட்டுரை சொன்னது அதுவல்ல. மோஸ் மீண்டது எங்கே? அறையை விட்டு வெளியே எடுத்து, பூமியின் காற்றில், தண்ணீர் தெளித்த பிறகு. செவ்வாயில் காற்றழுத்தம் நம்முடையதில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் நீர்மமாகத் தங்குவதே கடினம். ஒன்று உறையும், இல்லையென்றால் ஆவியாகும். நனையாமல் மோஸ் எப்படி எழும்? அது அங்கே சாகாமல் கிடக்கலாம், வளர முடியாது. உறங்கும்போது உடைந்த டி.என்.ஏ.வைச் சரிசெய்யவும் முடியாது. சேதம் மெல்லச் சேர்ந்துகொண்டே போகும். பிழைத்திருப்பது ஒன்று, வாழ்வது வேறு. இதைத் தேர்வில் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாழ வேண்டுமென்றால் பெட்டி வேண்டும். 2019 ஜனவரியில் நிலவின் மறுபக்கத்தில் இறங்கிய சீனாவின் சாங் ஏ 4 கலத்தில், காற்றும் மண்ணும் தண்ணீரும் அடைத்த டப்பாவுக்குள் ஒரு பருத்தி விதை முளைத்தது. நிலவில் இரவு வந்தது, குளிர் டப்பாவுக்குள் இறங்கியது, முளை செத்தது. காய்ந்த விதையாக நிலவுவரை நலமாகப் போனதுதான். தண்ணீர் குடித்து எழுந்த பிறகு அதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2024 டிசம்பர் 30ஆம் நாள் இஸ்ரோ ஏவிய பி.எஸ்.எல்.வி. சி60 உந்துகணையில் போன எட்டுக் காராமணி விதைகள் வெப்பம் சீராக வைக்கப்பட்ட பெட்டிக்குள் நான்கே நாளில் முளைத்து, பிறகு இலையும் விட்டன. 1877இல் ரப்பர் நாற்று வந்த கண்ணாடிப் பெட்டிக்கும் இதற்கும் அடிப்படையில் அதிக வேறுபாடு இல்லை.

பூமியில் இதன் தேவை

செவ்வாயை விடுங்கள். காயத் தெரிந்த செடிகளால் பூமியில்தான் உடனடிப் பயன் இருக்கிறது. ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? நெல்லின் விதைக்கு உலர்வைத் தாங்கத் தெரியும், நெற்பயிருக்குத் தெரியாது. சர்க்கரைக் கண்ணாடி செய்யும் மரபணுக்கள் பயிரின் இலையிலும் இருக்கின்றன. அங்கே அவை பெரும்பாலும் அணைந்து கிடக்கின்றன. செரோஃபைட்டா போன்ற செடிகள் விதைக்குரிய அந்தத் திறமையை இலையிலும் இயக்கக் கற்றுக்கொண்டவை என்பது கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் ஜில் ஃபாரண்ட் போன்றோரின் ஆய்வுகளில் தெரிகிறது. அது எப்படி என்று முழுமையாகப் புரிந்தால், மழை பொய்க்கும் ஊர்களில் பயிர் சாகாமல் காத்திருக்கச் செய்ய முடியுமா என்பதே அவர்கள் தேடல். வேலை இன்னும் முடியவில்லை.

ஆராய்வதற்குச் செடி இருக்க வேண்டும். கிந்தா பள்ளத்தாக்கு 2018இல் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீபகற்ப மலேசியாவில் சுண்ணாம்புக் குன்றுகள் மொத்த நிலப்பரப்பில் ஒரு விழுக்காடுகூட இல்லை. ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடியினங்கள் அவற்றின்மேல் பதிவாகியுள்ளன. சில இனங்களுக்கு ஒரே ஒரு குன்றுதான் வீடு. ஜெலாப்பாங்கில் இருந்து வடக்கே செம்மோர் பக்கம் போனால் குனோங் கந்தான் வரும். அந்தக் குன்றின் பெயரையே தாங்கிய மெயோகைனி கந்தானென்சிஸ் என்ற மரத்தை 2014இல்தான் அறிவியல் முதன்முறையாகப் பெயரிட்டுப் பதிவு செய்தது. அதே குன்றின் ஒரு பகுதி பல ஆண்டுகளாகச் சிமெண்டுக்காக வெட்டப்பட்டு வருகிறது. நாம் குடியிருக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கும் சிமெண்டு வேண்டியிருக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் எந்தக் குன்றில் என்ன செடி இருக்கிறது என்று பட்டியல் எடுப்பதற்கு முன்பே குன்று லோரியில் ஏறிவிடக் கூடாது. மைனஸ் 196 பாகையைத் தாங்கும் செடியும் தான் ஒட்டியிருக்கும் பாறை போய்விட்டால் பிழைக்காது.

நீங்களே செய்து பாருங்கள்

சுவர்ப்பாசியில் ஐந்து காசு அளவுத் துண்டுகள் நான்கு எடுத்து, பழைய நாளிதழில் மடித்து, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். (மலைக்குப் போய்ப் பிடுங்காதீர்கள். சுவரில் இருப்பதே போதும்.) வாரம் ஒன்றை எடுத்து நனைத்து, இலை விரிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அதே நாளில் சாப்பிட்ட ரம்புத்தானின் விதைகள் இருபதைக் கழுவி, ஒரு தட்டில் பரப்பிக் காற்றாட விடுங்கள். பக்கத்தில் இருபது பச்சைப்பயறு. முதல் நாள் ஐந்து ஐந்தாக ஈரப் பஞ்சில் வைத்து முளைக்கவிடுங்கள். பிறகு வாரத்துக்கு ஐந்து ஐந்து. ரம்புத்தான் முளைக்கச் சில வாரங்கள் ஆகலாம். அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் நாள் எழுதி ஒட்டுங்கள்.

முதல் நாள் கிண்ணத்தில் இரண்டு விதைகளுமே முளைக்க வேண்டும். முளைக்காவிட்டால் சோதனையை மறுபடி தொடங்குங்கள். அந்தக் கிண்ணம் இல்லாமல் மற்றவற்றை வைத்து எதையும் சொல்ல முடியாது. அது சரியாக வந்திருந்தால், கடைசி வாரத்துக் கிண்ணங்களையும் கடைசிப் பாசித் துண்டையும் அருகருகே வைத்துப் படம் எடுத்து அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.